இறாலுக்கு ஏது இலை?

தேக்கா சந்தையில் இறால் வாங்கிவிட்டு உணவங்காடியில் தேநீருக்கு உட்கார்ந்த நண்பர் கேட்டார்: “களைக்கொல்லி செடியைக் கொல்கிற மருந்து. இறாலை அது என்ன செய்யும்?”

நியாயமான கேள்விதான். அட்ரசின், டையூரான் போன்றவை ஒளிச்சேர்க்கையை முடக்குபவை. இறாலுக்கு ஏது இலை? ஆனால் அது வாழும் குளத்தில் மிதவைப் பாசி உண்டு. குளத்து நீருக்கு நிறம் தருவதும், பகலில் ஆக்சிஜன் விடுவதும், இறால் கழிவின் அம்மோனியாவை உறிஞ்சுவதும் அந்தப் பாசிதான். மழையில் களைக்கொல்லி கலந்த வயல்நீர் வந்து சேர்ந்து பாசி மடிந்தால் ஆக்சிஜன் வரத்து நின்றுபோகும். மடிந்ததை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் தீர்த்துவிடும். விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும்போது இறால் நீர்மட்டத்துக்கு வந்து தவிக்கும். பார்ப்பவருக்கு நோய் என்றே தோன்றும்.

இறாலின் உடம்புக்குள்ளும் பாதிப்பு உண்டு. தலைக்குள் செம்பழுப்பாக இருக்கிறதே, குழம்புக்கு ருசி கூட்டுகிறது என்று நாம் விட்டுவைக்கும் பகுதி, அதுதான் அதன் ஈரலும் கணையமும். செரிப்பது, கொழுப்பைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது எல்லாம் அங்கேதான். களைக்கொல்லியை முறிப்பதிலேயே அதன் சக்தி கரைந்தால் வளர்ச்சி குன்றும். இறாலுக்கு நம்மைப்போல் எதிர்ப்புரதங்கள் கிடையாது. இரத்த அணுக்களை நம்பியே கிருமியோடு போராடுகிறது. அவை தளர்ந்த நேரத்தில் விப்ரியோ பாக்டீரியாவோ வெண்புள்ளி வைரஸோ வந்தால் தாங்காது. அதனால் ‘எத்தனை செத்தன’ என்று மட்டும் எண்ணுவது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

கிளைஃபோசேட்டில் இன்னொரு சங்கதி. இலையில் மருந்து ஒட்டிப் பரவுவதற்காகச் சோப்பைப்போல ஒரு துணைப்பொருள் சேர்ப்பார்கள். பழைய கலவைகளில் இருந்த அத்தகைய ஒன்று, நீர்வாழ் உயிர்களுக்கு மூலமருந்தைவிடக் கொடியது.

“நெல்வயலே இல்லாத ஊரில் நமக்கென்ன?” என்றார் நண்பர். இங்கே களைக்கொல்லி கப்பல் வழியாக வந்தது. கப்பலின் அடியில் பாசி படியாதிருக்கப் பூசும் சாயத்தில் இர்கரால் 1051 என்ற களைக்கொல்லியைச் சேர்த்தார்கள். அட்ரசினின் நெருங்கிய உறவு அது. சிங்கப்பூர்க் கடல்நீரில் அது கலந்திருப்பதை இவ்வூர் ஆய்வாளர்கள் 2002இலேயே வெளியிட்டார்கள். இத்தனை கப்பல்கள் நங்கூரமிடும் துறைமுகத்தில் அதில் வியப்பில்லை. ஓதம் ஏறும்போது மதகு வழியே இறால்குஞ்சுகளை உள்ளே விட்டு வளர்த்த பழைய குளங்கள்தான் இன்றைய சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். அப்படிக் கடல்நீரை நேராக எடுக்கும் பண்ணைக்குக் கடலில் கரைந்ததெல்லாம் வந்து சேரும்.

அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2023 ஜனவரி 1 முதல் இர்கராலைக் கப்பல்களில் பூசத் தடை விதித்தது. ஏற்கெனவே பூசியதை அடுத்த முறை சாயம் புதுப்பிக்கும்போது நீக்கவோ மூடவோ வேண்டும்; கடைசியாகப் பூசியதிலிருந்து 60 மாதங்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.