இறங்காத அணில், நில்லாத கொம்பன்

வத்திராயிருப்பு வயல்வெளியில் நின்று பார்த்தால் மேற்கு மலை ஒரே சுவராகத் தெரியும். அதில் திரியும் ஆண் யானைக்கு அது ஒரே நாடு. அடிவாரத்து மரங்களில் வாழும் சாம்பல் நிற அணிலுக்கோ பல துண்டு. பிறந்த குட்டி வளர்ந்தபின் எங்கே போய் இணை சேர்கிறதோ, அதுவரைதான் அதன் மரபணு நடக்கும். இதையே மரபணு ஓட்டம் என்கிறார்கள்.

முதலில் அணில். வாலோடு சேர்த்து இரண்டடிக்கு மேல் நீளம். நம் வீட்டு முற்றத்து அணிலைப் போல ஓடி ஓடித் தரையில் பொறுக்காது; உண்பது, உறங்குவது, ஈனுவது எல்லாம் மரத்தில்தான். கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். பருந்து வந்தால் நாலு பக்கமும் தப்ப வழி வேண்டுமே. ஓடைக்கரை மரங்களும் மாந்தோப்பும் புளியமரங்களும் இதற்குப் பிடித்தவை. இதைக் காக்கவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இந்த அணில் மனிதத் தலையீட்டால் படும் பாட்டை ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் ஆராய்ந்து 1994-லேயே எழுதிவிட்டார்கள்.

ஓடைக்கரையில் பத்து மரம் விழுந்தால் நமக்கு அது வெறும் வெளிச்சம். அணிலுக்கு அங்கே வழி முடிந்தது. இரு கரையிலும் அணில் இருக்கலாம்; ஆனால் இரண்டும் தனித்தனிக் கூட்டம். சிறிய கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் தற்செயலாகவே சில மரபணு வகைகள் அற்றுப்போகும். நாளடைவில் உறவுக்குள்ளேயே இணை சேர நேரும்.

இதற்கு மருந்து என்ன? அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் 1931-ல் போட்ட கணக்கிலிருந்து ஒரு விதி பிறந்தது. தலைமுறைக்கு ஒரே ஒரு வெளியாள் வந்து சேர்ந்து பிள்ளை பெற்றால், இரு கூட்டங்களும் ரொம்ப விலகிப் போகாது. கூட்டம் பெரிதோ சிறிதோ, கணக்கு ஏறத்தாழ இதுதான். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது ‘தலைமுறைக்கு’ என்னும் சொல். யானைக்கு ஒரு தலைமுறை என்பது இருபது ஆண்டுக்கும் மேல். கர்ப்பமே சுமார் 22 மாதம். ஆக, இருபது ஆண்டுக்கு ஒரு கொம்பன் கடந்து போனாலே பெரிய காரியம். அணிலின் தலைமுறை சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அடிக்கடி ஆள் அனுப்ப வேண்டியது அணில். அனுப்ப முடியாததும் அதுவே.

யானையிலும் எல்லாரும் பயணிகள் அல்லர். பெண் யானை தாய், பாட்டி, சித்தி இருக்கும் கூட்டத்திலேயே பெரும்பாலும் ஆயுளைக் கழிக்கும். ஆண் பத்துப் பதினைந்து வயதில் பிரிந்து போய்விடும். இந்தக் குடும்ப வழக்கம் மரபணுவிலும் பதிகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது. அது தாய்க்கூட்டங்கள் போன தூரத்தைக் காட்டும். உட்கருவின் மரபணுவில்தான் கொம்பன்களின் அலைச்சலும் தெரியும்.

வித்யா, சுகுமார் முதலிய ஆய்வாளர்கள் தென்னிந்திய யானைகளின் சாணத்திலிருந்து மரபணு எடுத்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். நீலகிரிப் பக்கத்து யானைகளுக்கும் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஒரு எல்லையாக நிற்பது அதில் தெரிந்தது. மலை ஏறி இறங்கும் யானையையே ஒரு தாழ்நிலம் பிரிக்கிறது. நமக்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக வரும் கொல்லம் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அதற்குள்தான் நுழைகின்றன. அகத்தியமலைப் பக்கம் போக நினைக்கும் கொம்பன் இரண்டையும் தாண்டியாக வேண்டும்.

இன்னொரு வியப்பு: இலங்கையின் வறண்ட காடுகளில் வாழும் சாம்பல் நிற அணிலையும் நம் அடிவாரத்து அணிலையும் விலங்கியலாளர்கள் ஒரே துணையினமாகவே வைத்திருக்கிறார்கள். பனியுகத்தில் கடல் வற்றிப் பாக் நீரிணை தரையாகக் கிடந்த காலம் உண்டு; இரு கரை அணில்களும் அப்போது ஒன்றாக இருந்திருக்கலாம். மரம் மரமாகத் தொடர்ந்த காடு இருந்தால் இந்த அணிலுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

ஆகவே காப்பகத்தின் பரப்பளவைப் பேசுவதோடு, தோப்புக்கும் தோப்புக்கும் இடையே உள்ள வெட்டவெளியையும் அளக்க வேண்டும் என்பேன். வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மேலே பாலம் கட்டிக் கொடுத்தார்கள். குரங்குகள் அதில் போகின்றன. குறுகிய சாலை என்றால் அது போதும். பிளவக்கல் அணைக்குக் கீழே ஓடைக்கும் தோப்புக்கும் நடுவில் விழுந்த இடைவெளிக்கு மரமே வேண்டும். புளியங்கன்று வளர்ந்து அடுத்த மரத்தின் கிளையைத் தொடுவதற்குள் அணிலுக்கு இரண்டு மூன்று தலைமுறை போய்விடும். கன்றை இந்த மழைக்கே வைக்க வேண்டும்.