கம்பி வழி வந்த கானம்!

பாடுபவர் ஓர் ஊரில். பக்கவாத்தியம் வேறொரு நாட்டில். பாட்டெழுதியவர் கடலுக்கு அப்பால்! ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் கண்டதில்லை. ஒரு கூரையின்கீழ் ஒரு வேளை கூடியதில்லை. ஆயினும் பத்துப் பாடல்கள் கொண்ட தொகுப்பொன்று பிறக்கிறது. கேட்பவன் காதில் அது ஒரே மேடையில் பாடியது போலவே விழுகிறது. இணையத்தின் துணைகொண்டு இன்று உலகமெங்கும் இப்படி ஆல்பங்கள் உருவாகின்றன. அவற்றுள் எபிரேய மொழிப் பாடல்களும் உண்டு என்பதுதான் நம்மை எழுத வைத்த செய்தி.

எபிரேயமா? அது வேதப் புத்தகத்து மொழி அல்லவா? அந்த மொழியில் கிதாரும் டிரம்ஸும் முழங்கக் காதல் பாட்டா என்று கேட்பீர்கள் தோழர்களே! நியாயமான கேள்வி. பதிலைக் கேளுங்கள்.

ஏறத்தாழ 1,700 ஆண்டுக் காலம் எபிரேயம் வழிபாட்டிலே இருந்தது, ஏட்டிலே இருந்தது, எழுத்தாளன் பேனாவிலும் இருந்தது. ஆனால் தாய் தாலாட்டவும், தச்சன் கூலி பேசவும் அது பயன்படவில்லை. யூதர்கள் வாழ்ந்த நாட்டுக்கேற்ப யித்திஷ் பேசினர், அரபு பேசினர், லதீனோ பேசினர். 1881-இல் எலியேசர் பென் யெகூதா எருசலேமில் குடியேறினார். காசநோய் அரித்த உடம்பு, கையில் காசில்லை. எனினும், "என் வீட்டில் எபிரேயம் தவிர வேறு மொழி ஒலிக்காது" என உறுதி பூண்டார். 1882-இல் பிறந்த அவர் மகன், எபிரேயத்தையே தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தான். புனித மொழியைச் சந்தைக்கு இழுக்கிறான் பாவி என்று வைதிகர்கள் சீறினர், விலக்கி வைத்தனர், துருக்கிய அதிகாரிகளிடம் அவர்மீது புகார் போயிற்று, சிறையும் கண்டார். அசைந்தாரா? இல்லை. சொல்லில்லாத பொருளுக்கெல்லாம் சொல் தேடினார். அகராதியைக் குறிக்க "மில்லோன்" என்ற சொல்லை ஆக்கியவரே அவர்தாம்!

1913-இல் ஹைஃபா நகரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அறிவியல் பாடம் ஜெர்மன் மொழியில்தான் என்றனர் பணம் கொடுத்த பெரியவர்கள். ஆசிரியரும் மாணவரும் கொதித்தெழுந்தனர், வேலைநிறுத்தம் செய்தனர். 1924-இல் அங்கே வகுப்பு தொடங்கியபோது பாடமொழி எபிரேயம்! பென் யெகூதா மறைந்த 1922ஆம் ஆண்டில், பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் ஆட்சியின் ஆவணத்தில் ஆங்கிலம், அரபு இரண்டோடும் எபிரேயம் ஆட்சிமொழியாக ஏறியது. இன்று அதைப் பேசுவோர் ஏறத்தாழ தொண்ணூறு இலட்சம் பேர்.

அந்த மொழிக்கும் நமக்கும் ஒரு மெல்லிய நூல் உறவும் உண்டு. சாலமன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேய வேதத்திலுள்ள பெயர் "துக்கி". அது நம் "தோகை"யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார். இன்றைய எபிரேயத்தில் அதே சொல் கிளியைக் குறிக்கிறது. மயில் போய்க் கிளி ஆயிற்று; சொல் மட்டும் பறந்துகொண்டே இருக்கிறது!

தொண்ணூறு இலட்சம் பேர் என்பது இசைத்தட்டு வணிகன் கண்ணுக்குச் சிறு சந்தை. அதிலும், இஸ்ரேலுக்கு வெளியே எங்கோ ஒரு நகரில் அமர்ந்து எபிரேயத்தில் பாட்டெழுதும் இளைஞனை எந்த முதலாளி திரும்பிப் பார்ப்பான்? முன்பு அவன் கனவு அத்துடன் முடிந்திருக்கும். இன்று முடிவதில்லை. ஏன் என்பதைச் சற்று விளக்குவோம்.

பாட்டெழுதியவர் ஹைஃபாவில், கிதார் புவெனஸ் அயர்ஸில், வயலின் புடாபெஸ்டில், பாடகி மான்ட்ரியாலில் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் ஒரே நேரத்தில் இணையத்தில் அமர்ந்து சேர்ந்து வாசித்தால் என்ன? முடியாது! கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. டெல் அவீவிலிருந்து நியூயார்க்குக்குச் சுமார் 9,100 கிலோமீட்டர். இழை நேர்க்கோடாக இருந்தால்கூட, ஓசை போய்ச்சேர நொடியில் ஆயிரத்தில் 45 பங்கு ஆகும். வழியிலுள்ள கருவிகளின் தாமதம் தனி. ஆயிரத்தில் 30 பங்கைத் தாண்டினாலே தாளம் தடுமாறும் என்பது இசைஞர்கள் கண்ட அனுபவம். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும் ஒளியை விரட்ட முடியாதே!

ஆகவே அவர்கள் செய்வது வேறு. கட்டட வேலை தெரிந்த தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொத்தனாரும் தச்சரும் வண்ணம் பூசுபவரும் ஒரே நாளில் ஒரே சுவரில் வேலை செய்வதில்லை. ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்குகிறார். எல்லோர் வேலையும் ஒத்துப்போவது எதனால்? தூக்குக்குண்டினால்! இசையிலும் அப்படி ஒரு தூக்குக்குண்டு உண்டு: "டிக், டிக்" என்று மாறாமல் ஒலிக்கும் தாள ஓசை. அதைக் காதில் மாட்டிக்கொண்டு கிதார்காரர் தம் பகுதியை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார். அதைக் கேட்டு வயலின் சேர்கிறது. இரண்டையும் கேட்டுப் பாடகி பாடுகிறாள். ஒரு நொடி ஓசையை 48,000 துண்டாக அளந்து எழுதும் பதிவில், நான்கு நிமிடப் பாட்டின் ஒரு குரல் சுமார் 35 மெகாபைட்தான். சாதாரணக் கணினியே அதைச் சில நிமிடத்தில் கடல் கடத்திவிடும். கடைசியில் ஒருவர் அமர்ந்து எல்லா ஓசையையும் அளவு பார்த்துக் கலக்குகிறார். பதிவுக்கூடத்துக்கு மணிக்கணக்கில் கொட்டிய வாடகை மிச்சம்!

இதில் எபிரேயத்துக்கென்றே சில இடர்கள் உண்டு. அந்த மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். இசைக்குறிப்போ இடமிருந்து வலமாக ஓடும். மேலும், அன்றாட எழுத்தில் மெய்யெழுத்தே பெரும்பாலும் நிற்கும். உயிரொலியைப் படிப்பவர்தாம் ஊகிக்க வேண்டும். ஒரே மூன்றெழுத்தை "ஸேஃபெர்" என்று படித்தால் புத்தகம்; "ஸப்பார்" என்று படித்தால் முடிதிருத்தும் தொழிலாளி; "ஸிப்பேர்" என்று படித்தால் கதை சொன்னான்! மொழி தெரியாத பாடகி என்ன செய்வாள்? ஆகவே உயிர்க்குறி இட்ட தாளும், ஒவ்வொரு சொல்லையும் மெல்லச் சொல்லிப் பதிந்த வழிகாட்டிக் குரலும் முதலில் போகின்றன.

அதோடு தீர்ந்ததா? அழுத்தம் என்று ஒன்று உண்டு. எபிரேயத்தில் பெரும்பாலும் சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழும்; சில சொற்களில் முன்னே விழும். "போக்கேர்" என்பதில் முன்னே அழுத்தினால் காலைப்பொழுது; பின்னே அழுத்தினால் மாடு மேய்ப்பவன்! மெட்டமைத்தவர் கவனிக்காவிட்டால், விடியலைப் பாட வந்த காதலி மாட்டுக்காரனைக் கூப்பிடுவாள்! ஆகவே ஹைஃபாக்காரர் திருத்துகிறார். மான்ட்ரியால்காரி மீண்டும் பாடுகிறாள். பத்து முறை, இருபது முறை. முகம் தெரியாத ஒருவரின் தாய்மொழிக்காகத் தன் நாக்கை வளைக்கிறாளே அவள், அந்த உழைப்புக்கு என்ன விலை போடுவீர்கள்?

தொலைவில் இருந்தபடி கூடிப் பாடுவது வெறும் கனவல்ல என்பதை எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் உலகுக்குக் காட்டினார். எருசலேமில் பிறந்த பாடகி ஹீலா பிளிட்மன் எழுதிய ஐந்து எபிரேயக் காதல் கவிதைகளுக்கு 1996-இல் இசை தந்தவரும் அவரே. 2010-இல் இலத்தீன் பாட்டொன்றுக்கு அவர் இணையத்தின் வழி கூட்டிய குழுவில் 12 நாட்டினர் 185 பேர். 2020-இல், கொரோனா உலகையே வீட்டுக்குள் அடைத்த வேளையில், அவரது ஆங்கிலப் பாட்டொன்றைத் தத்தம் வீட்டிலிருந்தே பாடி அனுப்பியவர்கள் 129 நாட்டினர் 17,572 பேர்! கதவு அடைபட்டது, கானம் அடைபடவில்லை.

இங்கே தொழிலாளத் தோழர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கூலி யாருக்கு? பெயர் யாருக்கு?

2009-இல் குட்டிமான் என்ற இஸ்ரேலிய இசைஞர், முன்பின் அறியாத பலர் யூடியூபில் போட்டிருந்த காட்சிகளை வெட்டி ஒட்டி ஏழு பாடல்களை உருவாக்கினார். பியானோ பழகும் ஒருவர், டிரம்ஸ் கற்பிக்கும் ஒருவர், வீட்டில் தனியே பாடிய ஒரு பெண். தாங்கள் ஒரு குழுவில் வாசிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது! உலகம் வியந்தது, நாமும் வியக்கிறோம். அவர் ஒவ்வொருவருக்கும் உரிய மூலத்தைக் குறிப்பிட்டார். அது நல்ல செயல். ஆனால் குறிப்பிடாதவர்களும் உண்டு அல்லவா? புடாபெஸ்டில் ஒருவர் இரவெல்லாம் வாசித்த வயலினை, நன்றி என்ற ஒரு சொல்லோடு விழுங்கிவிட்டால் யார் கேட்பது? தொழிற்சாலையில் சங்கம் உண்டு. கண்ணாடி இழையில் சங்கம் எங்கே?

ஆகவே, முதல் சுருதி சேர்ப்பதற்கு முன்பே பங்குத் தாள் எழுதப்பட வேண்டும் என்கிறோம். சொல்லுக்கு இவ்வளவு, மெட்டுக்கு இவ்வளவு, வாசித்ததற்கு இவ்வளவு என்று ஒளிவின்றி எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட பன்னாட்டு அடையாளக் குறி உண்டு. அதோடு உழைத்தவர் பெயர் அனைத்தும் சேர வேண்டும். நட்பு வேறு, கணக்கு வேறு. கணக்கு நேரானால் நட்பும் நிலைக்கும்.

பெயர் அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. சாலே, தாவூது என்ற அல்-குவைதி சகோதரர்கள் இருவரும் யூதர்கள். ஈராக்கின் இசைச் சிகரங்கள். 1936-இல் தொடங்கிய பாக்தாத் வானொலியின் இசைக்குழுவை நடத்தியவர்கள். 1951-இல் இஸ்ரேல் வந்தனர். அரபு இசைக்கு அங்கே பெருமேடை இல்லை. டெல் அவீவின் ஹத்திக்வா குடியிருப்பில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தனர். ஈராக்கிலோ பிற்காலத்தில் அவர்கள் பாட்டு ஒலித்தது, பெயர் அழிக்கப்பட்டது! இங்கே பாட்டு இல்லை. அங்கே பெயர் இல்லை. தாவூதின் பேரன் தூது தாசா 2011-இல்தான் பாட்டன் காலத்துப் பதிவுகளைத் தம் இசையோடு இணைத்து அந்தக் குரலுக்கு மறுவாழ்வு தந்தார்.

ஆம் தோழர்களே, எழுந்து நின்ற மொழி பிறர் மொழியை மிதித்த கதையும் இதில் உண்டு, மறைக்க மாட்டோம். பென் யெகூதாவின் மனைவி ஒருநாள் குழந்தைக்கு ரஷ்ய மொழியில் தாலாட்டுப் பாட, அவர் வெகுண்டெழுந்தார் என்று அந்த மகனே எழுதி வைத்தார். 1950களின் தொடக்கத்தில் யித்திஷ் நாடகங்களுக்கு அரசு முட்டுக்கட்டை போட்டது. 2018-இல் நிறைவேறிய சட்டம், ஆட்சிமொழியாக இருந்த அரபை வெறும் "தனித் தகுதி" கொண்ட மொழியாகக் கீழிறக்கியது. ஜெர்மன் ஆதிக்கத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர் வழிவந்தோர் செய்கிற செயலா இது?

காசாவில் பிணக்குவியல், உமக்கு எபிரேயப் பாட்டு வேண்டியிருக்கிறதோ என்று சினம் கொள்வோரும் இருப்பர். அந்தச் சினத்தை மதிக்கிறோம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் படையினர் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றனர்; அவர்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் ஓர் இசைவிழாவுக்கு வந்தவர்கள். அதன்பின் இஸ்ரேல் நடத்திய போரில் காசாவில் பல பத்தாயிரம் பேர் மாண்டனர், குழந்தைகள் எத்தனை! குண்டு போட ஆணையிட்டவர்கள் மனிதர்கள், மொழி அல்ல. ஆட்சியாளரின் குற்றத்தை மொழியின் தலையில் ஏற்றினால், அந்த ஆட்சியை எதிர்த்து அதே மொழியில் குரல் கொடுப்பவனையும் அல்லவா ஊமையாக்குகிறோம்?

அதே தூது தாசா, ஆங்கில இசைஞர் ஜானி கிரீன்வுட்டோடு சேர்ந்து, அரபு நாடுகள் பலவற்றின் பாடகர்களை இணைத்து அரபுப் பாடல் தொகுப்பொன்றை 2023 ஜூனில் வெளியிட்டார். "உன் அண்டை வீட்டான் உன் நண்பன்" என்பது அதன் பெயரின் பொருள். 2025-இல் இங்கிலாந்தில் அவ்விருவரும் நடத்தவிருந்த நிகழ்ச்சிகள் எதிர்ப்பினால் கைவிடப்பட்டன. எதிர்த்தவர்க்கும் காரணம் இருந்தது; பாடியவர்க்கும் காரணம் இருந்தது. மேடை மூடியது. ஆனால் பதிந்த குரல் பதிந்ததுதான்.

எபிரேயத்தில் இசைத்தட்டு "தக்லீத்", ஒலிப்பதிவு "ஹக்லதா", நாடு வந்து சேர்ந்தவரை ஏற்றுக்கொள்வது "க்லிதா". மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை! பதிவதும் ஏற்பதும் அந்த மொழியில் உறவுச் சொற்கள். புவெனஸ் அயர்ஸின் கிதாரை ஏற்றது எபிரேயப் பாட்டு. புடாபெஸ்டின் வயலினை ஏற்றது. பக்கத்து வீட்டு அரபையும் ஏற்கட்டும்! பாட்டனின் பாக்தாத் மெட்டையும், பாட்டியின் யித்திஷ் தாலாட்டையும் ஏற்கட்டும்! உழைத்த ஒவ்வொருவர் பெயரையும் உறையின்மேல் ஏற்கட்டும்! அப்படி ஒரு தொகுப்பு வருமானால், மொழி புரியாவிட்டாலும் நாம் காது கொடுத்துக் கேட்போம்.