கரிசல் காற்றில் டர்போ

காரின் திறனைக் கூட்டுவது என்பது, பெரும்பாலும், சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தி அதற்கு ஈடான எரிபொருளைச் சேர்த்து எரிப்பதேயாகும். டர்போ என்னும் சுழலி, வெளியேறும் புகையின் விசையால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழன்று காற்றை அழுத்தித் தருகிறது. அக்காற்றைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் குழாய்த்தொகுதி இன்டேக் மேனிஃபோல்டு எனவும், எரிபொருளை நுண்துளிகளாகப் பீய்ச்சும் மின்வால்வு இன்ஜெக்டர் எனவும் வழங்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் காரின் திறனைக் கூட்டும் இக்கலை வேரூன்றிய ஊர் கோயம்புத்தூர். அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் இணைந்து 2018 அக்டோபரில் வெளியிட்ட டியாகோ ஜேடிபி, வழக்கமான டியாகோ பெட்ரோல் காரின் 85 குதிரைத்திறனைத் தாண்டி, 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரத்தால் 114 குதிரைத்திறனை எட்டியது. இத்தகைய இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோலைச் செலவிடும் எனவும், இன்ஜெக்டர் மொத்த நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கலாகாது எனவும் கொண்டால், 114 குதிரைத்திறனுக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்குச் சுமார் 290 கன சென்டிமீட்டரும், 150 குதிரைத்திறனுக்குச் சுமார் 380 கன சென்டிமீட்டரும் பீய்ச்ச வல்லதாக இருக்க வேண்டும். எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டிப் பழைய இன்ஜெக்டரைக் கொண்டே இதைச் சமாளித்துவிட முடியாது. பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயர்வதால், 3 பார் அழுத்தத்தை 4 பாராக்கினாலும் கிடைப்பது 15 விழுக்காடுதான். பெரிய இன்ஜெக்டரைப் பொருத்தினாலோ, அது திறந்திருக்கும் நேரத்தை வைத்தே பெட்ரோலை அளக்கும் ஈசியூ என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்தின் கணக்கையும் மாற்றி எழுதியாக வேண்டும்.

மேனிஃபோல்டில் குழாய்கள் நீண்டிருந்தால் குறைந்த சுற்றில் இழுவிசையும், குட்டையாக இருந்தால் உயர்ந்த சுற்றில் திறனும் கூடும். ஆயினும் டர்போ காரில் இதைவிட முக்கியமானது சமப் பங்கீடு. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதுமெனினும், டர்போ முழு அழுத்தம் தரும் வேளையில் வெப்பத்தைத் தணிக்க அது 12 பங்கின் அருகே குறைக்கப்படுகிறது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் காற்று மிகுந்தால் அங்கே நாக்கிங் என்னும் அகால வெடிப்பு நேர்ந்து பிஸ்டனே உருகக்கூடும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய கரிசல் வட்டாரத்தில் இக்கணக்குகள் அனைத்துக்கும் முன்னே நிற்பது காற்றின் தன்மை. 40 பாகை செல்சியஸ் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு டர்போ அழுத்தும்போது, 70 விழுக்காடு செயல்திறனில், அதன் வெப்பம் 138 பாகையை நெருங்குகிறது. அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சிறியதாக இருந்தால் புதிய மேனிஃபோல்டால் விளையும் பயன் மிகக் குறைவு. கோடை உழவில் எழும் கரிசல் புழுதியோ இன்னும் கொடியது. விரல்களுக்கிடையே மாவுபோல் நழுவும் அக்களிமண் தூசியோடு கூர்மையான மணல் துகள்களும் கலந்திருப்பதால், அது டர்போவின் இறகுகளை அரித்துச் சிலிண்டர் சுவரையும் தேய்க்கிறது. இந்நிலையில், மூடிய பெட்டியிலுள்ள காகித ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பானட்டுக்கடியில் தேங்கும் சூடான காற்றை இழுக்கும் திறந்த கூம்பு ஃபில்டரைப் பொருத்துவது, திறனைக் கூட்டுவதாகத் தோன்றினாலும், கரிசல் நிலத்துக்குப் பொருந்தாத மாற்றமே. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கும்போது தூசிப் படிவு ஒட்டினால், மற்ற வேலைகளுக்கு முன் தூசி நுழையும் கசிவை அடைப்பதே முறை.

தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதிசெய்தது. ஆகவே பெரிய இன்ஜெக்டரும் புதிய மேனிஃபோல்டும் பொருத்திய கார்களுக்கு உரிய இடம், நான்குவழிச் சாலையன்று. இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களே.