இரண்டு புலிகளின் வணிகம்: அயர்லாந்தும் ஸ்லோவாக்கியாவும் நமக்குச் சொல்வது என்ன?

சிங்கப்பூர்ச் சாலையில் ஒரு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் கார் நம்மைக் கடந்து சென்றால், அது பிரிட்டிஷ் கார் என்றுதான் பெரும்பாலோர் சொல்வோம். பெயர் பிரிட்டிஷ் பெயர்தான். ஆனால், 2008ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தை இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியது. கார் தயாராகும் இடமோ, மத்திய ஐரோப்பாவில் உள்ள ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரம்.

ஐரோப்பாவின் மறுமுனையில் உள்ள அயர்லாந்தின் சாலைகளிலும் அதே கார் ஓடுகிறது. அயர்லாந்திலும் நம்மைப்போலவே வாகனங்கள் இடப்பக்கம்தான் செல்கின்றன. அந்நாட்டின் கார்க் நகரில் இருந்த ஃபோர்டு ஆலை 1984ல் மூடப்பட்டது. ஆகவே, இன்று அயர்லாந்து மக்கள் வாங்கும் புதிய கார்கள் வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. அவற்றுள் கணிசமானவை ஸ்லோவாக்கியாவில் தயாரானவை.

ஒரு நாட்டின் மக்கள்தொகை சுமார் 5.4 மில்லியன். மற்றதிலும் ஏறத்தாழ அதே அளவுதான். இரண்டுமே சிங்கப்பூரைவிடச் சற்றுக் குறைவான மக்களைக் கொண்டவை. இவ்விரு நாடுகளின் நிறுவனங்களுக்கு இடையே கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்துள்ள உறவு, பொருளியல் பாடநூல்கள் எளிதில் சொல்லித் தராத சில கேள்விகளை எழுப்புகிறது. ஒரு நிறுவனம் எந்த நாட்டுக்குச் சொந்தமானது என்பதை எப்படி முடிவு செய்வது என்பது அவற்றில் முதன்மையானது.

பெயர் கொடுத்தது ஆசியா

1960களிலிருந்து வேகமாக வளர்ந்த சிங்கப்பூர், ஹாங்காங், தென்கொரியா, தைவான் ஆகியவை 'ஆசியப் புலிகள்' எனப்பட்டன. 1994ல் மோர்கன் ஸ்டான்லி வங்கியின் ஓர் ஆய்வாளர், அயர்லாந்தின் வளர்ச்சியை இந்த ஆசியப் புலிகளோடு ஒப்பிட்டு 'கெல்டிக் புலி' என்றார். பத்து ஆண்டுகள் கழித்து, ஸ்லோவாக்கியாவின் முறை வந்தது. அதன் வடக்கு எல்லையில் உள்ள தாத்ரா மலைத்தொடரின் பெயரால் அதனைத் 'தாத்ரா புலி' என்றனர்.

பெயரில் மட்டுமன்றி வழிமுறையிலும் ஒற்றுமை இருந்தது. அயர்லாந்து 1973ல் ஐரோப்பியப் பொருளியல் சமூகத்தில் சேர்ந்தது. வெளிநாட்டு நிறுவனங்களை ஈர்க்க, 2003ல் நிறுவன வரியை 12.5 விழுக்காடாக நிர்ணயித்தது. செக்கோஸ்லோவாக்கியா பிரிந்ததால் 1993 ஜனவரி 1ஆம் தேதி தனி நாடான ஸ்லோவாக்கியா, பிரதமர் மிக்குலாஷ் சுரிண்டாவின் ஆட்சியில் 2004ல் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக் கூட்டு வரி மூன்றும் ஒரே 19 விழுக்காடு ஆயின.

அந்த ஆண்டு மே 1ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. ஸ்லோவாக்கியாவும் அவற்றில் ஒன்று. அப்போது ஒன்றியத்தின் சுழல் தலைமைப் பொறுப்பில் இருந்த நாடு அயர்லாந்து. அதனால் வரவேற்பு விழா டப்ளினில் நடைபெற்றது. இதைப் படிக்கும் நம்மில் பலர் அன்று பிறந்திருக்கவில்லை.

முதலில் சென்றவர்கள் மனிதர்கள்

வணிக உறவு என்றவுடன் கப்பலும் சரக்கும் நினைவுக்கு வரும். இங்கே முதலில் பயணம் செய்தவர்கள் வேலை தேடிய இளையர்கள்.

2004ல் புதிய உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கு வேலைச் சந்தையை உடனடியாகத் திறந்துவிட்ட பழைய உறுப்பு நாடுகள் மூன்றே: அயர்லாந்து, பிரிட்டன், சுவீடன். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை கட்டுப்பாடுகளை வைத்திருந்தன. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால், ஓர் இளையருக்கு அங்கே வேலை தேடுவதைவிட, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தள்ளியிருந்த டப்ளினில் வேலையில் சேர்வது எளிதாக இருந்தது.

மலிவுக் கட்டண விமானச் சேவைகள் இந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கின. பிராட்டிஸ்லாவாவைத் தளமாகக் கொண்டிருந்த ஸ்கையூரோப் நிறுவனம் 2009ல் நொடித்துப்போனது. அயர்லாந்தின் ரயன்ஏர் அங்கே காலூன்றி, இரு தலைநகரங்களையும் இணைத்தது. 2011ல் அயர்லாந்தில் வாழ்ந்த ஸ்லோவாக்கியர்கள் ஏறத்தாழ 10,000 பேர்.

ஆற்றங்கரையில் ஐரிஷ் பணம்

எதிர்த்திசையில் சென்றது பணம். அயர்லாந்தின் பெரிய நிறுவனங்கள் ஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் அவை புதிய ஆலை கட்டவில்லை. வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது ஸ்லோவாக்கிய ஆலையும் சேர்ந்து வந்தது.

டப்ளினில் தொடங்கப்பட்ட அட்டைப்பெட்டித் தயாரிப்பு நிறுவனமான ஸ்மர்ஃபிட், 2005ல் நெதர்லாந்தின் கப்பா நிறுவனத்தோடு இணைந்தது. டான்யூப் ஆற்றங்கரையில், ஹங்கேரி எல்லையில் உள்ள ஷ்டூரொவொ நகரின் ஆலை அப்படித்தான் ஐரிஷ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2015ல் லஃபார்ஜ், ஹோல்சிம் ஆகிய இரு சிமெண்ட் நிறுவனங்கள் இணைவதற்காக விற்ற சொத்துகளை அயர்லாந்தின் சிஆர்எச் வாங்கியது. ரோகோஷ்னிக் சிமெண்ட் ஆலையும் அந்தத் தொகுப்பில் அடங்கும். ஊழியர்கள் அதே ஊரில், அதே இயந்திரங்களோடு வேலையைத் தொடர்ந்தனர். முதலாளி மட்டும் மாறினார்.

இதற்கு விதிவிலக்கு, பிராட்டிஸ்லாவாவின் யூரோவியா. டான்யூப் கரையில் இருந்த பழைய தொழிற்பகுதியில், அயர்லாந்தின் சொத்து மேம்பாட்டு நிறுவனமான பாலிமோர் கடைத்தொகுதி, அலுவலகங்கள், ஹோட்டல், குடியிருப்புகள், நடைபாதை அனைத்தையும் கட்டி 2010ல் திறந்தது. நகர மக்கள் ஆற்றங்கரையில் மாலை வேளையைக் கழிக்க ஓர் இடம் கிடைத்தது.

ஆனால், அதே ஆண்டு நவம்பரில் அயர்லாந்தின் நிலைமை தலைகீழானது. வீட்டு விலை ஏற்றத்தை நம்பிக் கடன் கொடுத்த ஐரிஷ் வங்கிகள் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தன. அவற்றைக் காப்பாற்ற முயன்ற அரசாங்கமே கடனில் மூழ்க, 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டம் தேவைப்பட்டது. பாலிமோர் உள்ளிட்ட சொத்து மேம்பாட்டாளர்களின் கடன்களை அரசாங்கம் அமைத்த சிறப்பு அமைப்பு ஒன்று எடுத்துக்கொண்டது. 2014ல் யூரோவியா ஒரு ஸ்லோவாக்கியத் தொழில்முனைவரிடம் விற்கப்பட்டது.

புதிய உரிமையாளர் தரப்பு அதை விரிவாக்கியது. அதன் அருகிலேயே 168 மீட்டர் உயரக் கோபுரமும் எழுந்தது. ஐரிஷ் முதலீடு போய்விட்டது. அது உருவாக்கிய இடம் பிராட்டிஸ்லாவாவிலேயே தங்கிவிட்டது.

இந்த நெருக்கடியில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஸ்லோவாக்கியா 2009ல் யூரோ நாணயத்துக்கு மாறியிருந்தது. அயர்லாந்துக்கு உதவிய நிதி அமைப்புகளில் ஒன்று, யூரோ நாடுகள் கூட்டாக உத்தரவாதம் அளித்த ஐரோப்பிய நிதி நிலைத்தன்மை அமைப்பு. வருமானத்தில் பின்தங்கியிருந்த ஸ்லோவாக்கியா, தன்னைவிட வசதியான நாடுகளின் கடனுக்குப் பிணை நின்றது. இது உள்நாட்டில் கசப்பை ஏற்படுத்தியது. அந்த அமைப்பை விரிவாக்கும் வாக்கெடுப்பில் 2011 அக்டோபரில் பிரதமர் இவெட்டா ராடிச்சோவாவின் அரசாங்கமே கவிழ்ந்தது. ஒரே நாணயத்தைப் பயன்படுத்தினால் லாபத்தோடு பிறர் சுமையையும் பகிர வேண்டும் என்பதை அந்நாட்டு மக்கள் இரண்டே ஆண்டுகளில் உணர்ந்தனர்.

பிரெக்சிட் மாற்றிய பாதை

நூற்றாண்டுக் காலமாக அயர்லாந்து வணிகர்களின் முதல் சந்தை பிரிட்டன். அது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபோது, மற்ற சந்தைகளைத் தேட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

இங்கே ஸ்லோவாக்கியாவுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதன் அண்டை நாடுகளான செக் குடியரசு, போலந்து, ஹங்கேரி மூன்றும் சொந்த நாணயத்தை வைத்திருக்கின்றன. ஸ்லோவாக்கியா மட்டும் யூரோவைப் பயன்படுத்துகிறது. ஓர் ஐரிஷ் நிறுவனம் அங்கே பொருள் விற்றால், நாணய மாற்று விகிதம் ஏறுமா இறங்குமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. சுங்க வரியும் இல்லை.

சரக்கு செல்லும் வழியும் மாறியது. ஸ்லோவாக்கியாவுக்குக் கடற்கரை கிடையாது. முன்பு அங்கிருந்து அயர்லாந்து செல்லும் கனரக வாகனங்கள், பெரும்பாலும் பிரான்சிலிருந்து பிரிட்டனுக்குள் நுழைந்து, அதைக் கடந்து மீண்டும் கப்பல் ஏறின. 2021 ஜனவரி முதல் அந்த வழியில் சுங்கச் சோதனைகள் வந்தன. உடனே அயர்லாந்தின் ராஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் டன்கர்க் துறைமுகத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியது. ராஸ்லேரிலிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களுக்குச் செல்லும் வாராந்தரப் பயணங்கள் பல மடங்கு பெருகின.

பெட்டியில் வருவதும் பில்லில் வருவதும்

ஸ்லோவாக்கியாவின் பலம் கண்ணுக்குத் தெரியக்கூடியது. பிராட்டிஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன், ஷிலினாவில் கியா, ட்ர்னாவாவில் ஸ்டெலாண்டிஸ், நித்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர் என நான்கு பெரிய கார் ஆலைகள் உள்ளன. கோஷிட்சே அருகே வோல்வோ ஐந்தாவது ஆலையை அமைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் கார்கள். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் உலகிலேயே மிக அதிகமாகக் கார் தயாரிக்கும் நாடு அது.

அயர்லாந்து அனுப்புவதில் பெரும்பகுதி மருந்து, மருத்துவக் கருவி, மென்பொருள், சேவை. அதிலும் சேவை என்பது எந்தத் துறைமுகத்தையும் கடப்பதில்லை. உதாரணத்துக்கு, பிராட்டிஸ்லாவாவில் உள்ள ஒரு சிறிய கேக் கடை கூகலில் விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான பில் டப்ளினில் உள்ள கூகலின் ஐரிஷ் நிறுவனத்திலிருந்து வரும். அந்தத் தொகை, ஸ்லோவாக்கியாவுக்கு அயர்லாந்து செய்த சேவை ஏற்றுமதியாகக் கணக்கில் சேரும். கடைக்காரர் அயர்லாந்தோடு வணிகம் செய்வதாக நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

எனவே, 'ஐரிஷ் நிறுவனம்' என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிராட்டிஸ்லாவாவில் பெரிய தொழில்நுட்ப நிலையம் வைத்துள்ள அக்செஞ்சர், 2009ல் தன் சட்டபூர்வத் தலைமையகத்தை பெர்முடாவிலிருந்து டப்ளினுக்கு மாற்றியது. கார் இருக்கைகள் தயாரிக்கும் அடியெண்ட் நிறுவனத்துக்கு ஸ்லோவாக்கியாவின் டிரென்சின் நகரில் பொறியியல் நிலையம் உண்டு. அது அயர்லாந்தில் பதிவு பெற்றது; நிர்வாகம் நடப்பதோ அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து.

இத்தகைய பதிவுகள் அயர்லாந்தின் சொந்தக் கணக்கையே குழப்பிவிட்டன. 2015ல் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 26 விழுக்காடு வளர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த அளவுக்கு ஆலைகளோ வேலைகளோ பெருகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றியதே முக்கியக் காரணம். பின்னர், இத்தகைய வீக்கத்தைக் கழித்துப் பார்க்கும் தனி அளவுகோலை அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை உருவாக்கியது.

ஸ்லோவாக்கியாவின் சிக்கல் வேறு. ஆலைகளும் வேலைகளும் அங்கே உண்மையாகவே இருக்கின்றன. ஆனால், எந்தக் காரை எங்கே தயாரிப்பது என்ற முடிவு சோல், வுல்ஃப்ஸ்பர்க் போன்ற நகரங்களில் எடுக்கப்படுகிறது. படித்த இளையர்கள் பலர் பல்கலைக்கழகப் படிப்புக்கே செக் குடியரசுக்குச் சென்றுவிடுகின்றனர்.

குறைந்த வரி என்ற துருப்புச்சீட்டும் கைநழுவுகிறது. ஸ்லோவாக்கியா 2013ல் ஒற்றை வரி முறையைக் கைவிட்டது. 2025லிருந்து பெரிய நிறுவனங்களுக்கு 24 விழுக்காடு வரி. அயர்லாந்தும் அனைத்துலக உடன்பாட்டின்படி 2024 முதல் பெரிய பன்னாட்டு நிறுவனங்களிடம் 15 விழுக்காடு பெறுகிறது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

சிங்கப்பூரின் நிறுவன வரி 17 விழுக்காடு. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கான 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரி விதி 2025ல் இங்கும் நடப்புக்கு வந்தது. டப்ளினைப்போலவே சிங்கப்பூரும் பல நிறுவனங்களின் வட்டாரத் தலைமையகம். இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் வேலைக்கு விண்ணப்பிக்கப்போவதும் அத்தகைய நிறுவனங்களில்தான்.

வரிச் சலுகையை நம்பி வரும் நிறுவனம், வேறிடத்தில் மேலும் சலுகை கிடைத்தால் சென்றுவிடலாம். துறைமுகம், திறன்மிக்க ஊழியர்கள், நம்பகமான சட்டம் ஆகியவற்றை அவ்வளவு எளிதாக எடுத்துச் செல்ல முடியாது. பாலிமோர் வெளியேறிய பின்னரும் டான்யூப் கரையில் மாலையில் மக்கள் நடக்கிறார்கள். ரோகோஷ்னிக் ஆலையை வாங்கியவர்கள் அங்கிருந்த ஊழியர்களின் அனுபவத்தையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

ஒரு நிறுவனத்தின் வேலை விளம்பரத்தையோ முதலீட்டு அறிவிப்பையோ படிக்கும்போது, அது எங்கே பதிவு பெற்றிருக்கிறது, எங்கே வரி செலுத்துகிறது, முடிவுகளை எடுப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கலாம். பத்து நிமிட வேலைதான். நேர்முகத் தேர்வில் கேட்பதற்கும் அதிலிருந்து ஒரு நல்ல கேள்வி கிடைக்கும்.