சாக்கு நூலில் ஒரு ஸ்வெட்டர்

பள்ளி திறக்கும்போது எடுத்த கால்சட்டை ஆறே மாதத்தில் மேலே ஏறிவிட்டது என்று அலுத்துக்கொள்ளாத தாய் உண்டா? கடை இருக்கிறது, கையில் காசுதான் குறைவு. நம் கவலை அவ்வளவுதான். கடையில் துணியே இல்லை என்றால்? 1945-ல் போர் முடிந்தபோது, ஜெர்மனியில் எத்தனையோ தாய்மார்கள் அந்த நிலையில்தான் பையன்களை வளர்த்தார்கள்.

துணிப் பஞ்சம் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. போர் தொடங்கிய 1939-லேயே, நவம்பர் மாதம், துணிக்கு ரேஷன் கார்டு வந்துவிட்டது. ஆளுக்கு 100 புள்ளி. ஒரு ஸ்வெட்டருக்கு 25 புள்ளி, ஒரு ஜோடி காலுறைக்கு 4 என்று வெட்டிக்கொள்வார்கள். போர் முற்ற முற்ற, கார்டு இருந்தும் சாமான் இல்லை. பிறகு குண்டு விழுந்து வீடும் பீரோவும் சாம்பல். கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த லட்சோப லட்சம் பேருக்குக் கட்டிய துணியும் ஒரு மூட்டையும்தான் மிச்சம். வீட்டு ஆண்பிள்ளை போரில் செத்திருப்பார், அல்லது எங்கோ கைதியாக இருப்பார். பின்னாளில் 1998-லிருந்து 2005 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்த கெர்ஹார்ட் ஷ்ரோடர் 1944 ஏப்ரலில் பிறந்தவர். அதே வருஷம் அக்டோபரில் அப்பா ருமேனியாவில் இறந்துபோனார். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா வீடு துடைத்து, பாத்திரம் கழுவி வளர்த்தார். இப்படி எத்தனை பிள்ளைகளோ!

சரி, துணிக்கு என்ன செய்தார்கள்? கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினார்கள். ராணுவக் கோட்டு, ராணுவக் கம்பளி, இதெல்லாம் நல்ல கெட்டித் துணி. ஆனால் ராணுவ உடையை அப்படியே போடக்கூடாது என்று நேச நாடுகளின் நிர்வாகம் தடை போட்டது. சின்னங்களைப் பிய்த்துவிட்டு, வேறு சாயம் முக்கி, பையனுக்குக் கோட்டும் கால்சட்டையும் தைத்தார்கள். பாராசூட் பட்டில் பெண் குழந்தைக்குச் சட்டை. சர்க்கரை வந்த சாக்கைப் பிரித்து நூலாக்கி ஸ்வெட்டர் பின்னினார்கள். நூல் என்னவோ உறுதிதான். உடம்பில் பட்டால்தான் அரிப்பு!

பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னுவது இன்னொரு வேலை. பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். சிட்டமாகச் சுற்றி, அலசி, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நீளும். வெளுத்துப்போன கோட்டை முழுக்கப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே புரட்டித் தைப்பார்கள். துணி புதுசு மாதிரிதான் இருக்கும். ஆனால் மார்புப் பை வலது பக்கம் போய்விடும், பொத்தான் துளையும் இடம் மாறிவிடும். தையல் தெரிந்தவள் கண்ணில் உடனே பட்டுவிடும். எல்லார் வீட்டிலும் அதேதான் என்கிறபோது யார் யாரைச் சிரிப்பது?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. ஹிட்லர் காலத்தில் ஜன்னல்களில் தொங்கிய சிவப்புக் கொடி வீட்டுக்கு வீடு இருந்தது. நடுவிலிருந்த ஸ்வஸ்திகாவைப் பிய்த்தெடுத்துவிட்டு அந்தச் சிவப்புத் துணியில் பிள்ளைகளுக்கு ஏப்ரனும் சட்டையும் தைத்தார்கள். நல்ல துணியை வீணாக்கவில்லை என்று மெச்சத் தோன்றுகிறது. ஆனால் போர்க்காலத்தில், முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் உடைகளைக் கூட, அவற்றிலிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, ஜெர்மானியக் குடும்பங்களுக்கு விநியோகித்திருக்கிறார்கள். அதிலே குழந்தைகளின் சட்டையும் உண்டு. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மெச்சல் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

1946-47 குளிர்காலம்தான் படு மோசம். ஆறுகள் உறைந்தன, சோறும் இல்லை, கரியும் இல்லை. கொலோன் நகரத்துக் கார்டினல் ஃப்ரிங்ஸ், உயிர் பிழைக்க வேறு வழியே இல்லாதவன் தேவையானதை எடுத்துக்கொண்டால் குற்றமில்லை என்ற பொருளில் பிரசங்கத்திலேயே சொன்னார். கரி திருடுவதற்கு ஜனங்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்!

அந்தக் குளிரிலும் பையன்களுக்கு அரைக்கால்சட்டைதான். முழுக்கால்சட்டை அநேகமாகப் பதினாலு வயசில், சர்ச்சில் உறுதிபூசுதல் நடக்கும்போதுதான். அதுவரை காலை மூட நீளமான கம்பளிக் காலுறை. அது நழுவாமலிருக்க உள்ளே ஒரு பாடி, நாம் பெண் குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி. அதன் அடியில் தொங்குகிற எலாஸ்டிக் நாடாவில் காலுறையைப் பொத்தானால் மாட்டவேண்டும். காலுறை முடிகிற இடத்துக்கும் கால்சட்டைக்கும் நடுவே ஒரு சாண் தொடை குளிரில் விறைக்கும். அரிப்பு வேறு. 'பொண்ணு மாதிரி' என்று வெட்கம் வேறு. அந்தத் தலைமுறை ஆண்கள் கிழவர்களான பிறகும் பசியைச் சொல்கிற அதே மூச்சில் இந்தக் காலுறையையும் திட்டுகிறார்கள். அம்மாவுக்கு மட்டும் ஆசையா என்ன? காய்ச்சல் வந்தால் மருந்துக்கு எங்கே போவாள்?

தோல் கால்சட்டை கிடைத்த பையன் பாக்கியசாலி. அதைத் துவைக்கவேண்டாம், கிழியாது, பெரிசாக வாங்கி நாடா போட்டு மாட்டிவிட்டால் வருஷக்கணக்கில் வரும், பிறகு தம்பிக்கு. கையைத் துடைத்துத் துடைத்து மினுமினுப்பு ஏறினால்தான் அதற்குப் பெருமையாம். துவைக்கிற நமக்குக் கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா?

1946 ஆகஸ்டிலிருந்து அமெரிக்க 'கேர்' பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. 1948 ஜூன் 20-ம் தேதி மேற்குப் பகுதியில் புது நாணயம்; முதலில் ஆளுக்கு 40 மார்க். மறுநாளே கடை ஜன்னல்களில் சாமான்கள் முளைத்துவிட்டன. இத்தனை நாள் பதுக்கி வைத்திருந்தார்களே என்று பெண்களுக்கு ஆத்திரம். 1950-ல் ஆஃபன்பர்க் ஊரில் ஏன்னே பூர்டா என்ற குடும்பத் தலைவி பெண்களுக்கென்று தையல் பத்திரிகை தொடங்கினார். 1952-லிருந்து வெட்டும் அளவுப் படத்தாளையும் கூடவே மடித்துக் கொடுத்தார். வீட்டிலேயே நாகரிகமாகத் தைக்க அது பெரிய உபகாரம். புதுத்துணி, புது அளவு எல்லாம் வந்தும், கம்பளிக் காலுறை மட்டும் இன்னும் பல வருஷம் அந்தப் பையன்களை விடவில்லை.