மூளைக்கு ஒரே ஏணி இல்லை

மீனுக்கு மேல் தவளை, அதற்கு மேல் பல்லி, பிறகு பறவை, பாலூட்டி, உச்சியில் மனிதன் என மூளையின் வளர்ச்சியை ஓர் ஏணியாகக் காட்டும் படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். மனித மூளையின் அடித்தளத்தில் ஊர்வனவற்றின் மூளை அப்படியே எஞ்சியிருக்கிறது என்று 1960களில் அமெரிக்க அறிஞர் பால் மக்லீன் கூறியது அப்படத்துக்கு வலுவூட்டிற்று. இன்றைய ஒப்பாய்வுகள் இதனை ஏற்பதில்லை. இதற்கான சான்றைத் தேடிக் குமரி மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதுமில்லை.

குளச்சல் பாறைகளில் பெயர்த்தெடுக்கும் சிப்பியும் மீனவர் பிடித்துவரும் பேய்க்கணவாயும் மெல்லுடலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. சிப்பிக்கு மூளை எனத்தக்க உறுப்பு இல்லை. சில நரம்பு முடிச்சுகளே உண்டு. பாறையைப் பற்றிக்கொண்டு நீரை வடிகட்டி உண்ண அவை போதும். மூளையோ செலவு மிக்கது. மனித உடலின் எடையில் 2 விழுக்காடே உள்ள அது, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஓட்டை இழந்து வேட்டைக்கு மாறிய பேய்க்கணவாய்க்கு அச்செலவு தேவையாயிற்று. அதன் நரம்பணுக்கள் சுமார் 50 கோடி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே உள்ளன. தலையிலுள்ள மூளை உணவுக்குழாயைச் சூழ்ந்திருப்பதால், விழுங்கும் இரை மூளையின் நடுவே புகுந்து செல்கிறது! நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த எளிய உயிரியே. எனவே பெரிய மூளை இவ்விரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெட்டிகளில் வளரும் தேனீயின் மூளை எள்ளினும் சிறிது. அதில் சுமார் 10 லட்சம் நரம்பணுக்கள். ஆயினும் மலர்களின் திசையையும் தொலைவையும் அது நடனத்தால் தன் கூட்டத்தாருக்கு உணர்த்துகிறது. இதனைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். இறைவன் தேனீக்கு வஹீ அறிவித்ததை அந்நஹ்ல் அத்தியாயம் கூறுகிறது. விரிவுரையாளர்கள் அதற்கு உள்ளுணர்வு எனப் பொருள் கண்டனர். அவ்வசனத்தில் நரம்பணுக் கணக்கைத் தேடுவோரின் ஆர்வம் எனக்கு உடன்பாடன்று. ஆனால் உள்ளுணர்வோடு கல்வியும் சேர்வது சிந்திக்கத்தக்கது: மூத்த தேனீக்களின் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தே இளந்தேனீக்கள் பிழையின்றி ஆடக் கற்கின்றன என 2023இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

காக்கையின் செய்தி இன்னும் வியப்பானது. சகோதரனைக் கொன்ற காபீலுக்கு அடக்கம் செய்யும் முறையைக் காட்டிய பறவையாக அல்மாயிதா அத்தியாயத்தில் அது வருகிறது. அறிவியலோ நூறாண்டுக் காலம் பறவையின் முன்மூளையை இயல்பூக்கத்துக்கு மட்டுமே உரியதெனத் தாழ்வாக எண்ணிற்று. 2004இல்தான் நரம்பியலாளர் கூடி அதன் பகுதிகளின் பெயர்களையே மாற்றியமைத்தனர். கிளி, காக்கைக் குடும்பங்களின் முன்மூளையில், அதே எடையுள்ள குரங்கின் மூளையில் இருப்பதைவிட நரம்பணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது 2016இல் எண்ணிக் காட்டப்பட்டது.