விரலுக்கேற்ற வீக்கம்: புல்லட் எஞ்ஜினுக்கு வால்வுப் பாகங்கள்

பிம்பிரி, ஆகுர்டி, சாகன் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளை நம்பிப் புனேக்கு வந்து, இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளில் யாரேனும் பழைய புல்லட் ஒன்றை வாங்கி வந்து, "அப்பா, இதன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாமா?" என்று கேட்டால் வியப்படைய வேண்டாம். கூடாது என்று ஒரே சொல்லில் வாயை அடைப்பதைவிட, எதை மாற்றினால் எது கெடும் என்று எடுத்துச் சொல்வதே நல்லது.

புல்லட் நம்ம ஊர் வண்டி. 1955-இல் சென்னையில் தொடங்கியது அதன் இந்தியப் பயணம். பழைய வார்ப்பிரும்பு எஞ்ஜினின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. கீழே சுழலும் காம் டேப்பட்டைத் தள்ளுகிறது. டேப்பட் நீண்ட புஷ்ராடைத் தள்ளுகிறது. அது ராக்கரை அசைத்து வால்வைத் திறக்கிறது. மூடுகிற வேலை முழுவதும் ஸ்பிரிங்கினுடையது. எஞ்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 40 தடவைக்கு மேல் திறந்து மூடியாக வேண்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சுற்று கூடக்கூட ஸ்பிரிங் பின்தங்கும். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிட்டால் இரண்டும் மோதும். வால்வு வளையும், பிஸ்டனில் ஓட்டை விழும். காத்ரஜ் மலைப்பாதையில் எஞ்ஜின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் போவது பணம் மட்டுமல்ல. அப்படியானால் மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் தவறு. அளவுக்கு மீறிய அழுத்தம் காமையும் டேப்பட்டையும் அரைத்துத் தின்றுவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்களே, அது வால்வு ஸ்பிரிங்குக்கும் பொருந்தும்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது காம். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தயக் காம் உயர்ந்த சுற்றில்தான் பலன் தரும். கீழ்ச்சுற்றில் இழுவை குறையும். புனேச் சாலைகளில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படுகிறோம். போதாக்குறைக்கு ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் சென்னையைவிட ஏறக்குறைய ஐந்து விழுக்காடு குறைவு. எனவே தெருவில் ஓடும் வண்டிக்கு மிதமான காமே போதும்.

காம் முடிவான பிறகு, அதன் தயாரிப்பாளர் சொல்லும் ஸ்பிரிங்கையே வாங்குங்கள். பொருத்துமுன் மூன்று இடைவெளிகளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வால்வு முழுதும் திறந்த நிலையில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத இடம் மிச்சமிருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் தட்டு வால்வு கைடில் இடிக்கக் கூடாது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இன்லெட் பக்கம் சுமார் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மி.மீ. இருப்பது பாதுகாப்பு. பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் உருண்டையை ஒட்டி, எஞ்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வால்வுகளில் அதிகம் தவிப்பது எக்ஸாஸ்ட் வால்வு. அது 700 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாகும். குரோமியமும் நிக்கலும் கலந்த, வெப்பம் தாங்கும் எஃகில் செய்ததையே கேளுங்கள். நம் நாட்டில் 2000-இல் பெட்ரோலில் ஈயம் கலப்பது நின்றது. வால்வு சீட்டுக்கு மெத்தையாக இருந்த ஈயம் இப்போது இல்லாததால், பழைய வண்டிகளில் கடினமான சீட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அவசியம். பழைய எஞ்ஜினில், குளிர்ந்த நிலையில் புஷ்ராட் விரலால் சுற்றினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. 2008-க்குப் பின் வந்த யூ.சி.இ. எஞ்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட் இருப்பதால் இந்தச் சரிபார்ப்பு வேண்டியதில்லை. 2020 முதல் வந்த ஜே வரிசையில் காமே தலைப்பகுதிக்குப் போய்விட்டது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேராது.

நானா பேட்டில் உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் எஞ்ஜின் எண்ணைக் குறித்துக்கொண்டு போகவும். மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத வால்வு, கடைசியில் எஞ்ஜின் விலைக்கு வந்து நிற்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கொள்ளளவைக் கூட்டுவதும், காது கிழியும் சைலன்சரும் தொல்லையை விலைக்கு வாங்குவதாகும்.

முழு வேகம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. தெருவில் ஓட்டுவதற்கோ நல்ல வால்வு, சரியான ஸ்பிரிங், மிதமான காம் போதும். அதற்கும் முன்னால் பிரேக்கைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரிய வேண்டும்.